பதினாறு டிகிரி

அல் சத், ஏழாவது மாடி, உள்ளறை.
புகார்: 'குளிர் நிற்க மாட்டேன் என்கிறது.'
ஆகஸ்டில் இப்படி ஒரு புகாரை
தோஹாவில் யாரும் தந்து நான் கேட்டதில்லை.

கதவைத் திறந்தவனுக்கு
இருபத்து மூன்று இருக்கும்.
அரைக்கால்சட்டை, தூங்காத கண்.
'உள்ளே எதைப் பார்த்தாலும்' என்று தொடங்கி
முடிக்காமல் விட்டான்.
நான் ஏணியை விரித்தேன்.

அலமாரிக்குள் ஒரு சூரியன்.
வெள்ளித்தாள் ஒட்டிய பலகை,
கையகல மின்விசிறி,
கறுப்பு வாளிகளில் மூன்று செடி.
பெயரை எழுத மாட்டேன்.
என் போனில் தமிழில்கூட
அந்தச் சொல்லை அடித்ததில்லை.
இலைக்கு ஏழு விரல். அது போதும்.

வாசனையோ,
பலாச்சுளையும் டீசலும் கடுவன் பூனையும்
ஒரே லிஃப்டில் ஏறியது போல.

'பூ வைத்து எட்டு வாரம்.
முடியப்போகிற நேரத்தில் இலையெல்லாம் இப்படி.
செத்துவிடுமா?'
இந்தியில் கேட்டான்,
ஏ.சி.காரனிடம்.

மூன்றாம் படியில் நின்றிருந்தேன்.
வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கலாம்.
ஆனால் குடுமியான்மலையில்
ஒன்றரை வருஷம் படித்துப் பணமின்றி விட்ட
வேளாண் டிப்ளமா
நாக்கின் அடியில் இருந்தது இன்னும்.

அடியிலை மஞ்சளா, அது பசியில்லை தம்பி.
இனி வேரிடம் கேட்காது.
பூ தன் இலையையே எடுத்துத் தின்னும்.
நுனி கருகியிருப்பது
நீ ஊற்றிய உரத்தின் உப்பு.
பச்சையாக்கப் பார்க்காதே.
கணக்கு முடிக்கிறது, அவ்வளவுதான்.

காம்பில் ஏறியிருந்த கருநீலம் மட்டும்
எனக்குப் பிடிபடவில்லை.
நாவற்பழம் தின்ற நாக்கு போல.

மூடியைக் கழற்றினேன்.
சென்சார் கம்பி துருவேறி அறுந்து,
அறை சூடென்றே நம்பிய இயந்திரம்
இரவெல்லாம் பதினாறுக்கு இழுத்திருக்கிறது.
வெளியே நாற்பத்தாறு.
உள்ளே மூன்று செடிக்கு மார்கழி.

நீலம் குளிரின் வேலை.
அதாவது என் இலாகா.
சிரித்துவிட்டேன். அவனும்.
நடையில் லிஃப்ட் மணி அடித்தது,
இருவரும் ஒன்றாக நிறுத்தினோம்.

கம்பியை மாற்றினேன்.
படிவத்தில் 'சென்சார் பழுது',
கீழே அவன் கையெழுத்து.
ஐம்பது ரியால் நீட்டினான், வாங்கவில்லை.
நல்லவன் என்பதால் அல்ல,
நோட்டிலும் அதே மணம்.

சனையாவுக்குத் திரும்பும் பஸ்ஸில் கடைசி இருக்கை.
சட்டையை மூன்று தரம் சோப்புத்தூளில் ஊறவைத்தேன்.
சூசைநாதன் மூக்கை உறிஞ்சி
'என்னடா, மரிக்கொழுந்தா?' என்றான்.
ஃபினாயில் என்றேன்.
அன்றிரவு கனவில்
விமான நிலையத்து நாய்
என் பெட்டியருகே வந்து உட்கார்ந்தது,
எழுந்திருக்கவே இல்லை.

வங்கியில் பதினேழு தவணை பாக்கி.
யாரிடமும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருப்பதற்கும்
ஒரு சட்டப்பிரிவு இருக்குமோ என்று
படுக்கையில் புரண்டு புரண்டு பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து அதே முகவரி.
புகார்: தண்ணீர் சொட்டுகிறது.
கதவைத் திறந்தவள் புதியவள், இடுப்பில் குழந்தை.
உள்ளறைக்கு இளஞ்சிவப்புச் சாயம்.
அலமாரி இருந்த இடத்தில் தொட்டில்.
போனானா, கொண்டுபோனார்களா,
வாட்ச்மேனிடம் கேட்கவில்லை.
கேட்டவன் முகத்தையும்
ஞாபகம் வைத்திருப்பார்கள்.

வடிகட்டியை உருவினேன்.
மணல், முடி, யார் வீட்டுப் பஞ்சோ,
ஓரத்தில் ஒட்டிக்கொண்டு
ஓர் இலையின் ஒற்றை விரல்.
சுத்த மஞ்சள்.
நரம்பில் நீலமில்லை.

கம்பி வேலை செய்திருக்கிறது.

கழுவுதொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தேன்.
சுற்றியது, சுற்றியது,
துளையருகே போய்
குறுக்காக மாட்டிக்கொண்டது.
'என்ன அது?' என்றாள்.
'இலை.'
'ஏழாவது மாடியிலா?'
பாலைக்காற்று, என்றேன்.
விரலால் அழுத்தினேன், போனது.

இருபத்து நாலில் வைத்துவிட்டு இறங்கினேன்.
குழந்தைக்கு அது போதும்.